தனத்தின் ஷிஃப்டில் மட்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாது என்பது இங்குள்ள பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் எல்லாரும் பால் கலக்காத தே ஓ குடிக்கக் கீழே போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது நீங்கள்.

நிரல் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டி. குழம்பிப்போய் நிற்பது எப்படி என்று வேண்டுமானால் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதியே எனக்குத் தலை நரைத்தது; அதில் பெரும்பாலான நாள்கள் ஒன்றும் புரியாமல்தான் கழிந்தன. புரியாமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் புரியாத நேரத்தில் யாராவது ஓர் ஆளைக் கைகாட்டிவிட்டால், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம்.

கமுந்திங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை நம் வாடிக்கையாளராக இருந்தது. பெயர் வேண்டாம். அச்சிலிருந்து உரித்த கையுறைகள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். மேலே ஒரு கேமரா அவற்றைப் படம் பிடிக்கும். கிழிசல் இருந்தால், கொஞ்சம் தள்ளி இருக்கும் காற்றுக்குழாய் புஸ்ஸென்று ஊதி, அந்தக் கையுறையை மட்டும் குப்பைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். கேமராவையும் குழாயையும் ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி அறையில் இருந்தது. அதற்குள் இருந்தது நம் நிரல்.

அந்த நிரலில் இரண்டு திரெட்கள். திரெட் என்றால் ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு திரெட் படத்தைப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்லும். கெட்டது என்று சேதி வந்தால், மற்றது அந்தக் கையுறை குழாயடிக்கு வந்து சேரும்வரை குட்டிக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, பிறகு ஊதும். எந்தத் திரெட் கம்ப்யூட்டர் மூளையின் எந்தக் கோரில் ஓட வேண்டும், தூங்குகிறதை எப்போது எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் இயங்குதளத்தின் இஷ்டம். ரப்பர் தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு என்று ஆள் கணக்கெடுக்கும்போது, வரிசையில் நிற்கும் ஆட்களைப் பார்த்துத் தண்டல் என்கிற மேஸ்திரி, நீ இந்த மர நிரைக்குப் போ, நீ அந்த நிரைக்குப் போ என்று அனுப்புவார் என்று என் அப்பா சொல்வார். இயங்குதளத்தை அந்தத் தண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்கள்தான் நிரைகள். எனக்கு அந்த நிரைதான் வேண்டும் என்று ஆள் அடம்பிடித்தால் நடக்காது.

ஒரே ஒரு கோர் இருந்த பழைய கம்ப்யூட்டர் தீபாவளிக்குப் பிறகு உயிரை விட்டது. நான்கு கோர் உள்ள புதியதை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். சில வாரம் ஒரு குறையும் இல்லை. புத்தாண்டு தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் கொஞ்சம் கையுறைகளை எடுத்து, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்களுடைய ஷிஃப்டில் ஒன்றும் ஒழுகாது. தனத்தின் ஷிஃப்டில் மட்டும் சொட்டச் சொட்ட ஒழுகும். அவளைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றினால், ஒழுகலும் மதியத்துக்கு மாறியது.

தனம் என்கிற தனலெட்சுமிக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. வேகமான கை, அதைவிட வேகமான வாய். அடுத்த லைன் லீடர் அவள்தான் என்று பேச்சு இருந்தது. முந்திய வருஷம் அவள் மகள் காய்ச்சலில் படுத்து, பிழைப்பாளா என்றிருந்து பிழைத்தவள். அதற்கு நேர்ந்துகொண்டு, அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தாள். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. விரதம் தொடங்கிய வாரத்திலேயே ஒழுகலும் தொடங்கியது. அதற்கு முன் அதே தனம், அதே புதிய கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்திருக்கிறாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? சூப்பர்வைசர் மணியம் எனக்குப் போன் போட்டு, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் தனக்குத் தெரிந்து கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை என்றும் சொல்லிவைத்தார். சாப்பிடாமல் வந்து உட்கார்ந்து தூங்குகிறாள், கிழிந்தது தப்பிப்போனால் பெல்ட்டை நிறுத்த வேண்டியது ஆபரேட்டரின் வேலைதானே என்றார். அந்த வேகத்தில் ஓடும் சிறு கிழிசலைக் கண்ணால் பிடிக்கக் கழுகால்தான் முடியும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வயிறு காய்ந்தால் கண் சொக்கத்தானே செய்யும்?

போனேன். ஊசியால் கிழித்த கையுறைகளில் பேனாவால் குறி போட்டு, பெல்ட்டில் நல்லவற்றுக்கு நடுவே விட்டேன். திரெட்கள் எப்போது எந்தக் கோரில் ஓடுகின்றன என்று காட்டும் ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் திறந்துவைத்துப் பார்த்தேன். முன்பு ஒரே கோரில் மாறி மாறி ஓடிய இரண்டு திரெட்களும் இப்போது ஆளுக்கொரு கோரில் ஒரே நேரத்தில் ஓடின. ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்று சேதியை எழுதி முடிப்பதற்குள் மற்றது படித்துவிடுகிறது போல, நான்கு கோருக்கு மாறியதன் வினை என்று முடிவு கட்டினேன். இரண்டையும் ஒரே கோரில் கட்டிப்போட்டேன். குறி போட்ட கையுறைகள் ஒன்று தவறாமல் தொட்டிக்குள் விழுந்தன. மேனேஜர் கை கொடுத்தார். சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்து, இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். கட்டிப்போடுவதற்கு முன்னால், என் கண்ணெதிரே ஒரு கையுறைகூடத் தப்பவில்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, பிழைத்துவிட்டது என்று வந்துவிட்டேன்.

வாரக் கடைசிக்குள் மறுபடி போன். தனத்தின் ஷிஃப்டில் மறுபடி ஒழுகல். இந்த முறை மணியம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. கம்ப்யூட்டரைத்தான் அக்கா சரிசெய்துவிட்டீர்களே, அப்படியானால் அவள்தான் என்று முடிவாகிவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை விசாரணை, குற்றம் என்று தீர்ந்தால் வேலை நீக்கம். என் கைராசி அவள் கழுத்துக்குக் கயிறாகியிருந்தது.

வியாழக்கிழமை காலை, தனத்தின் ஷிஃப்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் மெலிந்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. வழக்கமான வாய் இல்லை. விரதத்துக்கு முன்னும் பின்னும் வேலையில் எதை மாற்றினாய் என்று கேட்டேன். மீன் இல்லை, கறி இல்லை, கேண்டீனில் சாப்பிடுவதில்லை என்று அடுக்கினாள். வேலையில் என்று திரும்பக் கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"மணியண்ணே சொல்றாரு, நாளைக்கு உள்ள போயி விரதத்துல கண்ணு அசந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு, வார்னிங்கோட விட்ருவாங்கன்னு. நான் தூங்கலக்கா. முருகன் பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பால்குடம் தூக்குறது?"

மணியம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் வேலை தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

என் கருவியைத் திறந்துவைத்துப் பார்த்தேன். கிழிந்தவை எல்லாம் ஒழுங்காகத் தொட்டிக்குள் விழுந்தன. அலுத்துப்போய்க் கருவியை மூடிவிட்டு எழுந்தபோது, குறி போட்ட கையுறை ஒன்று என் கண்ணெதிரே தப்பிப் போனது. குழாய் ஊதத்தான் செய்தது. ஆனால் தாமதமாக, அடுத்து வந்த நல்ல கையுறையை ஊதித் தள்ளியது. தனம் விழித்தபடி என் பக்கத்தில் நின்றிருந்தாள். மறுபடி கருவியைத் திறந்தேன். ஒழுங்கு. மூடினேன். தப்பு. நான் பார்த்தால் நல்ல பிள்ளை, தலையைத் திருப்பினால் சேட்டை. சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கே கண் சொக்குகிறதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஒன்று மட்டும் தெரிந்தது. நான் வேடிக்கை பார்ப்பதற்கென்று திறந்த கருவி, வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை; அது திறந்திருந்தாலே கம்ப்யூட்டரின் நடத்தை மாறியது. அப்படியானால், கருவி இல்லாத மற்ற ஷிஃப்டுகளில் எது அந்த வேலையைச் செய்கிறது? மணியத்திடம் கேட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் ஓட்டுவதில்லை, ஓட்டக் கூடாது என்பது சட்டம் என்றார்.

மதியம் ஷிஃப்ட் மாறியதும் கிளம்பினேன். கார் வரை போன பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தபோது, கண்ணாடி அறையிலிருந்து நல்ல குத்துப்பாட்டு ஒன்று கேட்டது. என் தலையைப் பார்த்ததும் பாட்டு நின்றது. மதிய ஷிஃப்ட் ஆபரேட்டர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெண்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டதை நான் பார்த்துவிட்டேன். அபாய மணி அடிப்பதற்காக நாம் வைத்த ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டுக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்கள். வெளியாள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். நான் வரும்போதெல்லாம் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய கையோடு நான் என் கருவியைத் திறந்திருக்கிறேன்.

திட்டுவேன் என்று பயந்து நின்ற அந்த ஆளிடம், மறுபடி போடச் சொன்னேன். பாட்டு ஓட, கிழிந்தவை எல்லாம் தொட்டிக்குள். பாட்டு நிற்க, கொஞ்ச நேரத்தில் ஒன்று தப்பியது. போடு, நிறுத்து, போடு, நிறுத்து என்று நான் சொல்லச் சொல்ல, இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

தனம் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருந்தாள். விரதத்துக்கு முன் நீயும் பாட்டுப் போடுவாயா என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள். விரதத்தில் சினிமாப் பாட்டு கேட்பதில்லை என்று நிறுத்திவிட்டாளாம். இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"பாட்டுக்கும் கையுறைக்கும் என்னக்கா சம்பந்தம்? சொன்னா மத்தவங்கள மாட்டி விட்ட மாதிரி ஆயிடும்லா."

அந்த மற்றவர்கள்தான் அவள் தூங்குகிறாள் என்று கேண்டீனில் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை, விசாரணையைக் கண்ணாடி அறையிலேயே வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சினேன். மேனேஜர் ஈப்போவில் பிறந்த சீனர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். பொறுமைசாலி. ஆனால் பாட்டு ஓடினால் இயந்திரம் ஒழுங்காக ஊதுகிறது என்று நான் ஆரம்பித்ததும், அவர் பொறுமை அந்த இடத்திலேயே முடிந்துபோகும் போலிருந்தது. கருவியைத் திறக்காமல், குறி போட்ட கையுறைகளை விட்டுக் காட்டினேன். இரண்டு தப்பின. பிறகு, முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்த பெண்டிரைவைச் செருகிப் பாட்டைப் போடப் போனேன். தனம் குறுக்கே வந்து, தன் ஷிஃப்டில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்றாள். வேலை போகும் நேரத்திலும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்டிரைவில் தேடி ஒரு முருகன் பாட்டைப் போட்டோம். ஒன்றும் தப்பவில்லை.

மணியம் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியா தனம், அப்பன் உன்னக் கைவிடல."

அவர் என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார். யாரோ மலாயில் சொன்னார்கள். இதுதான் உங்கள் கம்பெனியின் முடிவா என்று என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். எனக்கும் முருகன்மேல் பக்திதான். ஆனால் அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட முடியாது. கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தேன். பாட்டு உள்ளே ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கையுறைகளை விட்டேன். எல்லாம் தொட்டிக்குள். பாட்டையே நிறுத்தினேன். தப்பியது. அந்த அறையில் இருந்த எல்லாருடைய முகமும், ஒரு நாள் முன்னால் என் முகம் இருந்த மாதிரி இருந்தது.

நான் முந்தின மாலை வீட்டில் தேடிப் படித்துப் புரிந்துகொண்டது இதுதான். தண்டல் ஒவ்வொரு தூங்குமூஞ்சியின் தலைமாட்டிலும் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் சுற்றி வரும்போதுதான் யாரை எழுப்ப வேண்டும் என்று பார்ப்பார். அவசரம் இல்லாத நேரத்தில் மெதுவாகச் சுற்றுவார். ஆகவே, என்னைக் கொஞ்சநேரத்தில் எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்கிய நம் திரெட், அடுத்த சுற்றில்தான் எழுந்தது. ஒவ்வொரு குட்டித் தூக்கமும் நீண்டு, எல்லாம் சேர்ந்து ஒரு கையுறை அளவு தாமதம். பாட்டு ஓட்டும் நிரல் அப்படி விடாது. மெதுவாகச் சுற்றினால் சத்தம் விட்டுவிட்டு வரும் என்பதால், அடிக்கடி சுற்றி வா என்று தண்டலிடம் கேட்டு வாங்கிவிடும். அந்தக் காலத்து இயங்குதளத்தில் ஒருவர் கேட்டால் ஊருக்கே அதே சுற்றுதான். பாட்டுக்காக வேகமாகச் சுற்றிய தண்டல் நம் திரெட்டையும் நேரத்துக்கு எழுப்பிவிட்டார். என் கருவியும் அதையேதான் கேட்டிருக்கிறது. கோர் ஒன்றா நான்கா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் மட்டும் எப்படி ஒழுங்காக இருந்தது என்று கேட்பீர்கள். அதில் கேமராவை இணைத்திருந்த அட்டை தண்டலை விரட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பார்க்கலாம் என்றால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்றே அறிக்கையிலும் எழுதினேன்.

மேனேஜர் முழுதும் கேட்டார். பிறகு, இந்தக் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவது யார் என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. தனமும் திறக்கவில்லை. கடைசியில் மணியம்தான், பெண்டிரைவ் வாங்கிக் கொடுத்ததே தான் என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று குரலில் தெரிந்தது. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

தனத்தின் மேல் குற்றம் இல்லை என்று மேனேஜர் சொன்னார். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். அவள் ஒப்பாரி வைப்பாள் அல்லது கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் மணியத்தைப் பார்த்தாள்.

"நான் தூங்குறத நீங்க பாத்தீங்களாண்ணே?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த மதிய ஷிஃப்ட் ஆளைப் பார்த்தாள். அவரும் இல்லை என்றார். அப்புறம் என்னையும் பார்த்தாள். நானும் இல்லை என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பெல்ட் ஓடுகிறது, நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அன்று மாலைக்குள் நிரலை மாற்றினேன். குழாயடியில் ஒரு சென்சார் வைத்து, கையுறை வந்து சேர்ந்ததும் அதுவே திரெட்டை எழுப்பும்படி செய்தேன். தூங்கித் தூங்கி நேரத்தைக் கணக்கிடும் வேலையே இல்லை. சரியாக எழுதியிருந்தால் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ. அவரும் குழம்பித்தான் இருந்திருப்பார். கம்ப்யூட்டரில் பெண்டிரைவ் செருகும் ஓட்டையை மேனேஜர் அடைக்கச் சொன்னார். பாட்டு வேண்டுமென்றால் ஒரு ரேடியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒளித்துக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்.

பிழை ஒருவருடைய ஷிஃப்டில் மட்டும் வருகிறது என்று நாளைக்கு உங்களுக்கும் போன் வரும். அந்த ஆள் என்ன தப்புச் செய்தார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மற்றவர்கள் எல்லாரும் செய்து, அவர் மட்டும் செய்யாமல் விட்டது எது என்றும் கேட்டுப் பாருங்கள். நம் தனம் சட்டப்படி நடந்த ஒரே ஆள். அதற்காகவே அவளை வெளியே அனுப்பப் பார்த்தோம்.

தைப்பூசம் முடிந்து சில வாரம் கழித்துக் கமுந்திங் போனேன். நேர்த்திக்கு மொட்டை போட்ட தனத்தின் தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. லைன் லீடர் வேலை அவளுக்கே வந்திருந்தது. கண்ணாடி அறையின் அலமாரியில் புது ரேடியோ ஒன்று, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ஆபரேட்டர் பழக்கதோஷத்தில் அதை அணைக்கக் கையை நீட்டினார். தனம் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "வாங்கக்கா" என்றாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.